மந்தைவெளியில கன்னு நட மார்க் போடப் போனா தரையில ரெண்டு முட்டை. இது என்ன குருவி, என்ன பண்றது?

கொழுக்கட்டைப்புல் – ஜூன் 14, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரொம்ப நாளா சும்மா படிச்சுட்டு மட்டும் போறவன், இன்னிக்குத்தான் மொத தடவை எழுதறேன். ஊரு காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவுல. பசங்க நாங்க ஒரு பதினஞ்சு பேரு சேந்து மரம் நடற குழு வெச்சிருக்கோம். ஊரு மந்தைவெளி மூணு ஏக்கர் சும்மா கெடக்குது, அதுல 800 கன்னு நடறதா பேசி முடிச்சாச்சு, ஜூன் 5க்கே நட்டிருக்கணும், கன்னு வர லேட் ஆயிப்போச்சு, இப்ப வர்ற ஞாயித்துக்கெழமை ட்ராக்டர்ல குழி போடற மெஷின் வருது.

இன்னிக்கு சாயங்காலம் கயிறு புடிச்சு சுண்ணாம்புல மார்க் போட்டுட்டு இருந்தேன். கால் வெக்கப்போன எடத்துல இருந்து ஒரு குருவி பொசுக்குனு எந்திரிச்சுப் போச்சு. குனிஞ்சு பாத்தா மாட்டுக் கொளம்பு பதிஞ்ச பள்ளமாட்ட ஒண்ணு, மேல ஒரு புல்லுத் தூறு சாஞ்சிருக்கு, உள்ள காஞ்ச புல்லு, கொஞ்சம் ஆட்டு மசுரு, ரெண்டு முட்டை. முட்டை வெளுப்புல பழுப்புப் புள்ளி. விளிம்புல பொடிக்கல்லா பொறுக்கி அடுக்கி வெச்ச மாதிரி இருக்குங்க, சத்தியமா யாரோ குழந்தைங்க விளையாட்டுக்கு வெச்சதுன்னு தான் மொதல்ல நெனச்சேன்.

எந்திரிச்சுப் போனது சிட்டுக்குருவி பொட்டையாட்டவே இருந்துச்சு. தள்ளிப்போய் உக்காந்து பாத்தேன், இன்னொண்ணு வந்துச்சு, அது ஆணு போல. வயிறு பூரா கருப்பு, உச்சந்தலை சாம்பல், கன்னம் வெள்ளை, கண்ணு மேல மை தீட்டி இழுத்து விட்டாப்ல ஒரு கருப்புக் கோடு. சிட்டுக்குருவி தரையில கூடு வெக்குமா? கூட்டை அப்படியே மண்ணோட தட்டுல எடுத்து வேலி ஓரமா வெச்சுரலாமான்னு யோசனை. தெரிஞ்சவங்க சொல்லுங்க, ஞாயித்துக்கெழமைக்கு முன்னாடி முடிவு பண்ணியாகணும்.


பொட்டல்வெளி – ஜூன் 14, இரவு 10.15

தம்பி தட்டு கிட்டு எதுவும் வேண்டாம், கூட்டைத் தொடவே தொடாதீங்க. தரையில கூடு வெக்கற பறவைக்கு எடம் தான் அடையாளம். பத்தடி தள்ளி வெச்சீங்கன்னா பழைய எடத்துலயே வந்து சுத்திட்டு போயிடும், முட்டை வெயில்ல வெந்துடும்.

நீங்க பாத்தது சிட்டுக்குருவி இல்ல, வானம்பாடி. சாம்பல் தலை வானம்பாடின்னு பேரு. நீங்க ஆணை வர்ணிச்சதே போதும், போட்டோ கூட தேவையில்ல. வயிறு கருப்பா முதுகு வெளுப்பா இருக்கற சின்னப் பறவை நம்ம பக்கம் இது ஒண்ணு தான். சாதாரணமா எந்தப் பிராணிக்கும் முதுகு கருக்கலா வயிறு வெளுப்பா இருக்கும், இதுக்கு நேரெதிர். ஆனா இது குட்டைக்கால், தரையோட தரையா பதுங்கி உக்காந்துடும், அப்ப கருப்பு உள்ள மறைஞ்சு மேல மண்ணு கலர் மட்டும் தான் தெரியும். நீங்க ஒரு நாள் முழுக்க அந்த மந்தைவெளியில நடந்தாலும் பத்து பறவையைத் தாண்டிப் போயிருப்பீங்க, ஒண்ணு கூட கண்ணுல பட்டிருக்காது.

பொட்டைக்கும் சிட்டுக்குருவிக்கும் எல்லாரும் கொழம்புவாங்க. அலகு ரெண்டுக்கும் தடிமன் தான். வித்தியாசம் எங்க உக்காருதுங்கறதுல. சிட்டுக்குருவி ஓட்டு மேல, வேலி மேல, மரத்துல உக்காரும். இது மரத்துப் பக்கமே போகாது. தரையிலயே மேயும், தரையிலயே தூங்கும், தரையிலயே குஞ்சு பொரிக்கும்.

முட்டை 2 இல்ல 3 தான் வெக்கும், ஆணும் பொட்டையும் மாத்தி மாத்தி அடை காக்கும், 13-14 நாள்ல பொரியும். நாளைக்குக் காலைல தூரத்துல இருந்து பாருங்க, மூணாவது முட்டை வந்திருந்தா அன்னிலருந்து நாள் எண்ணலாம். ஞாயித்துக்கெழமை மெஷினை எப்படியாவது தள்ளிப் போடுங்க. கூட்டையோ முட்டையையோ அழிக்கறது 1972 வனவிலங்கு சட்டத்துலயும் வேட்டை கணக்குல தான் வரும், பஞ்சாயத்துல பேசறதுக்கு அது உதவும்.


லென்ஸ்மணி – ஜூன் 14, இரவு 10.32

சூப்பர் ஜி!! எக்ஸாக்ட் லொகேஷன் பின் அனுப்ப முடியுமா, நாளைக்கு சனிக்கிழமை, கோவைல இருந்து ரெண்டு மணி நேரத்துல வந்துருவேன். முட்டையோட ஷாட் என்கிட்ட இல்ல.


ஊர்சுத்தி82 – ஜூன் 14, இரவு 10.50

லென்ஸ்மணி தம்பி, கோச்சுக்காதீங்க, வேண்டாம். நீங்க ஒருத்தர் போனா அடுத்தது பத்து பேர் கார்ல வருவாங்க. போட்டோல புல்லு மறைக்குதுன்னு அந்தத் தூறை ஒடிச்சு விடுவாங்க, நான் கண்ணால பாத்திருக்கேன். அந்த ஒரு தூறு தான் அதுக்குக் குடை. அதுவும் போக மனுஷன் நடந்த தடத்தையே புடிச்சுட்டு நாய் வரும், காக்கா நம்மளைத்தான் பாத்துட்டு இருக்கும். கொழுக்கட்டைப்புல், ஊர் பேரை இங்க போடாததுக்கு நன்றி, அப்படியே இருக்கட்டும்.


லென்ஸ்மணி – ஜூன் 14, இரவு 11.04

சரிண்ணா, விட்டுட்டேன். ஆனா பறக்கறதை எடுக்கலாம்ல? கூட்டுப் பக்கம் போகாம?


பொட்டல்வெளி – ஜூன் 15, காலை 6.20

அது தாராளமா. சொல்லப்போனா அது தான் இதுல பாக்க வேண்டியதே. ஆணு தரையில இருந்து இறக்கையைப் படபடன்னு அடிச்சுக்கிட்டே நேரா மேல ஏறும், ஒரு நூறு அடி இருக்கும், அப்புறம் இறக்கையை மடக்கிட்டு கல்லு மாதிரி தலைகீழா விழும், விழும்போது ஒரு நீள விசில். போச்சு, மண்ணுல மோதப்போகுதுன்னு நெனைக்கறப்ப ஒரு திருப்பு, விழுந்த வேகத்துலயே மறுபடி மேல ஏறும், மறுபடி விழும். இப்படி அலை அலையா இறங்கி வந்து ஒரு கல்லு மேலயோ மண்ணாங்கட்டி மேலயோ உக்காந்துட்டு ஒண்ணும் நடக்காத மாதிரி இருக்கும். ஊர்க்குருவி உயர உயரப் பறந்தாலும் பருந்தாகாதுன்னு பெரியவங்க சொன்னதை இது காதுல வாங்கினதாவே தெரியல.

உச்சி வெயில்லயும் இதைப் பண்ணும். மத்த பறவை எல்லாம் நிழல் தேடி ஒடுங்கற நேரத்துல இது மட்டும் மேல இருக்கும்.


நிழல்தேடி – ஜூன் 15, காலை 8.05

எல்லாம் கேக்க நல்லாத்தான் இருக்கு. நான் மாத்திச் சொல்றேன்னு திட்டாதீங்க. ரெண்டு முட்டைக்காக 800 மரத்தை நிறுத்தறதா? மூணு ஏக்கர் பொட்டல்காடு, வெயில் காலத்துல நின்னு பாருங்க தீயா கொதிக்குது. மாநிலத்துல பசுமைப் பரப்பை 33 சதவீதம் ஆக்கணும்னு அரசே 2022ல இருந்து திட்டம் போட்டு நடத்துது. மரம் வளந்தா நூறு பறவை வரும். ஒரு வாரம் தள்ளிப் போடுங்க, குஞ்சு பறந்ததும் நடுங்க, முடிஞ்சது. இதுக்கு ஏன் இவ்ளோ பெரிய பஞ்சாயத்து?


பொட்டல்வெளி – ஜூன் 15, காலை 8.40

திட்டலீங்க, நியாயமான கேள்வி தான், நானே இருபது வருஷம் முன்னாடி இப்படி ஒரு மேட்டுல கன்னு நட்டவன். அது இப்ப நல்ல தோப்பு. காக்கா, மைனா, கிளி, குயில் எல்லாம் இருக்கு. அதுக்கு முன்னாடி அங்க வானம்பாடி, ஆள்காட்டி, கௌதாரி, காடை இருந்தது. இப்ப நாலுல ஒண்ணு கூட இல்ல. காக்காவும் மைனாவும் ஊர்ல வேற ஆயிரம் எடத்துல இருக்கு, நான் நட்டதால புதுசா கிடைச்சது எதுவுமில்ல.

திறந்தவெளிப் பறவைக்கு மரம்னா வீடு கிடையாது, மரம்னா வல்லூறு உக்காந்து நோட்டம் விடற எடம். சுத்தி உசரமா எதுவும் இல்லாம இருக்கறது தான் அதுக்குப் பாதுகாப்பு. அதனால குஞ்சு பறந்ததும் நடுங்கன்னா, இந்தக் குஞ்சு தப்பிக்கும், அடுத்த ஈடுக்கு எடம் இருக்காது. பிப்ரவரில இருந்து செப்டம்பர் வரைக்கும் எப்ப வேணா கூடு வெக்கும், அதனால குஞ்சு பறந்த நாள்னு ஒரு நாளை நீங்க குறிக்கவும் முடியாது.


நிழல்தேடி – ஜூன் 15, காலை 9.10

அப்ப மரமே நட வேண்டாமா? நல்லா இருக்கு.


முன்னாள்_மணியம் – ஜூன் 15, காலை 11.30

நான் வருவாய்த்துறையில கிராமக் கணக்கு பாத்து ரிட்டயர் ஆனவன். இந்த "சும்மா கெடக்குது"ங்கற வார்த்தையைப் பத்தி மட்டும் சொல்லிட்டுப் போறேன். கணக்குல தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசுன்னு எழுதுவோம். தீர்வைன்னா வரி. ஆக கணக்குல இப்படி தரிசுன்னு பிரிச்சு எழுதறது வெள்ளைக்காரன் வரி வசூல் பண்ண போட்ட முறை. வரி வராத நிலம் அவனுக்கு வீண் நிலம். அந்தப் பேரு அப்படியே நின்னுபோய், இப்ப செயற்கைக்கோள் படம் பாத்து நாடு முழுக்கப் போடற தரிசு நில வரைபடத்துலயும் புல்வெளி, முட்புதர்க்காடு எல்லாம் அந்தத் தலைப்புலயே தான் வருது. எந்தத் திட்டத்துக்கு எடம் வேணும்னாலும் மொத கை அங்க தான் நீளும். கமுதியில 2016ல 648 மெகாவாட் சோலார் வந்ததே, 2,500 ஏக்கர், அதெல்லாம் நெல்லு வெளையற நஞ்சையிலயா வந்தது?

ஆனா தம்பி, உங்க ஊருதை நீங்களே மந்தைவெளின்னு தான் எழுதியிருக்கீங்க. அது தரிசு இல்ல, தனி வகை. மாடு அடைய விட்ட எடம், மேய்ச்சலுக்குன்னு ஒதுக்கினது. அதுல மொத உரிமை ஆடு மாடு வெச்சிருக்கறவனுக்கு. அவங்களைக் கேட்டீங்களா?


கொழுக்கட்டைப்புல் – ஜூன் 15, மதியம் 1.15

ஐயா, உண்மையைச் சொல்றேன், கேக்கலைங்க. ஊர்ல மாடு வெச்சிருக்கறவங்க அவங்கவங்க காட்டுலயே மேச்சுக்கறாங்கன்னு நாங்களா நெனச்சுக்கிட்டோம். மந்தைவெளியில ஒரு அஞ்சாறு வீட்டு ஆடு தான் மேயுது, அவங்க கூட்டத்துக்கு வரல.

இன்னிக்குக் காலைல பாத்துட்டேன், மூணு முட்டை இருக்கு. பஞ்சாயத்துல பெரியவர்கிட்ட சொன்னேன், அவரு சிரிச்சுட்டாருங்க. "கோழி அடை வெச்சிருக்குன்னு கல்யாணத்த நிறுத்துவாங்களாடா"ன்னு கேட்டாரு. எனக்குப் பதில் வரல.


மேச்சேரி_ஆட்டுக்காரன் – ஜூன் 15, மதியம் 2.00

ஹா ஹா பெரியவரு வாய் நல்ல வாயி.

நான் ஆடு மேச்சுப் பொழைக்கறவன்ங்க, 60 உருப்படி இருக்கு. இந்தக் குருவியை நாங்க தினம் பாக்கறது தான், பேரு எல்லாம் வெச்சதில்ல, சின்னக்குருவிம்போம், வானம்பாடிங்கறது எனக்கே இன்னிக்குத்தான் தெரியும். ஆடு நடக்கறப்ப முன்னாடி வெடுக்குனு பறக்கும், அப்ப அங்க கூடு இருக்குன்னு கோலை ஊனி ஆட்டை ஒதுக்கி ஓட்டுவோம். ஆடு மிதிச்சா போச்சுன்னு எல்லாரும் சொல்வாங்க, மிதிக்கும் தான், பொய் சொல்லல. ஆனா ஆடே மேயலைன்னா புல்லு முழங்கால் உசரம் வந்துரும், இதுக்கு நடக்க எடமிருக்காது, அப்புறம் வேலிகாத்தான் வந்து ஏறிக்கும். எங்க பக்கத்து ஊரு மேய்க்கால்ல அப்படித்தான் ஆச்சு, சண்டை போட்டு ஆட்டை நிறுத்தினாங்க, அஞ்சு வருஷத்துல உள்ள நாய் கூட நொழைய முடியாத அளவுக்கு வேலிகாத்தான். கொஞ்சம் ஆடு, கொஞ்சம் கல்லு, கொஞ்சம் புல்லு. அப்படி இருக்கற காட்டுல தான் இதைப் பாப்பீங்க.


கரிசல்பய – ஜூன் 15, மாலை 5.20

விளாத்திகுளம் பக்கத்துல இருந்து எழுதுதேன். எங்க கரிசக்காட்டுலயும் இது உண்டு. உளுந்து, பாசி, கம்பு, மல்லின்னு கலந்து வெதச்ச காலத்துல அறுப்பு முடிஞ்ச காட்டுல கூட்டம் கூட்டமா கெடக்கும், முன்னால நடந்தா அலை மாதிரி எந்திரிச்சு அம்பது அடி தள்ளி மறுபடி உக்காந்துக்கிடும். இப்ப எங்க பாத்தாலும் மக்காச்சோளம். ஆள் உசரத்துக்கு நிக்கி. அதுக்குள்ள வானம்பாடி என்னத்தச் செய்யும். எங்க அப்பா உழவுல கூடு கண்டா அந்த எடத்தைச் சுத்தி ஒரு வட்டம் விட்டுட்டு ஏரைத் திருப்புவாரு, ஒரு கொத்து மஞ்சனத்தியோ தும்பையோ புடுங்கி நட்டு அடையாளம் வச்சிருவாரு. மாட்டு ஏரைத் திருப்பலாம், ட்ராக்டர்காரன் மணிக்கணக்குக்கு ஓட்டுதான், அவன்கிட்ட போய் குருவிக்கூடுன்னா ஏற இறங்கப் பாக்கான்.


கொங்குவேலி – ஜூன் 15, இரவு 7.45

நிழல்தேடி கேட்ட "அப்ப மரமே நட வேண்டாமா"வுக்கு எங்க ஊர்லயே பதில் இருக்குங்க, கொறங்காடு. இந்த இழையைத் தொடங்கின தம்பிக்குத் தெரியும், மத்தவங்களுக்காகச் சொல்றேன். காங்கேயம், தாராபுரம், கரூர் பக்கம் பரம்பரையா மாடு மேய்க்கன்னே விடற காடு. சுத்தி முள்கிளுவை உயிர்வேலி, உள்ள கொழுக்கட்டைப்புல்லு, அங்கங்க தூர தூரமா வெள்வேல மரம். அவ்வளவு தான். மரம் இருக்கு, ஆனா தோப்பு ஆகல. காங்கேயம் மாடு உருவானதே இந்தக் காட்டை நம்பித்தான். நம்ம முன்னோருக்கு மழை எவ்வளவு, மண்ணு எப்படின்னு தெரிஞ்சு அந்தக் கணக்குல மரத்தை விட்டு வெச்சாங்க. 800 கன்னை மூணு ஏக்கர்ல அமுக்கி நட்டு தண்ணி லாரி ஓட்டறது இந்த மண்ணுக்கு ஒட்டாத வேலை.

இப்ப அந்தக் கொறங்காடே சைட்டா போயிட்டிருக்கு, அது தனிக்கதை. ஒரு வேடிக்கை சொல்றேன். எங்கூருக்கு வெளிய ஒரு லேஅவுட் போட்டான், கல்லு நட்டான், தார் ரோடு போட்டான், ஆர்ச் கட்டினான், ஏழு வருஷமா ஒரு சைட்டும் விக்கல. உள்ள போய் பாருங்க, சைட்டுக்கல்லு ஒவ்வொண்ணு மேலயும் ஒரு ஆண் வானம்பாடி, அவரவர் ப்ளாட்டுக்கு அவரவர் ஓனர். ரியல் எஸ்டேட் படுத்தா எங்க வானம்பாடி எந்திரிக்குது.


நிழல்தேடி – ஜூன் 15, இரவு 8.30

சைட் கதை நல்லா இருக்கு :) சரி கொறங்காடு மாதிரி தூர தூரமா நடலாம்கறீங்க, அதை ஏத்துக்கறேன். ஆனா ஒரு சந்தேகம், இந்தப் பறவை அழியற நெலமையில இருக்கா? இல்லைன்னா ஏன் இவ்ளோ பதட்டம்?


பொட்டல்வெளி – ஜூன் 15, இரவு 9.15

இல்லைங்க, அழியற பட்டியல்ல இல்ல, உலக அளவுல கவலை குறைவுங்கற வகுப்பு தான். அதை மறைச்சு உங்களை பயமுறுத்த விரும்பல. இந்தியா முழுக்க சமவெளியில இருக்கு, பாகிஸ்தான், நேபாளம், வங்காளதேசம், இலங்கைல இருக்கு. அதே சமயம் இந்தத் துணைக்கண்டத்தை விட்டா வேற எங்கயும் கிடையாது. தார் பாலைவனம், கட்ச் பக்கம் போனா இதோட சொந்தக்காரன் கருந்தலை வானம்பாடி இருக்கு, அது ஆப்பிரிக்கா வரைக்கும் போகுது. நம்மது இங்க மட்டும் தான்.

ஆனா கூட்டமா பாத்தா கதை வேற. 2023ல இந்தியப் பறவைகளின் நிலைன்னு 942 இனங்களை அலசி ஒரு அறிக்கை வந்தது, பொதுமக்கள் போட்ட பறவைப் பட்டியலை வெச்சே செஞ்சது. அதுல புல்வெளி, திறந்தவெளிப் பறவைங்க தான் மோசமா குறைஞ்ச கூட்டத்துல வருது. அதனால தான் சொல்றேன், வருஷா வருஷம் பொங்கல் சமயத்துல 4 நாள் பறவைக் கணக்கெடுப்பு நடக்குதுல்ல, 2015ல இருந்து, எல்லாரும் ஏரிக்குப் போறாங்க, வாத்து எண்றாங்க. ஒருத்தர் கூட மந்தைவெளியில நின்னு கால் மணி நேரம் எண்ணி பட்டியல் போட மாட்டேங்கறாங்க. நீங்க போடுங்க தம்பி.

இன்னொண்ணு, செஞ்சிக்கோட்டை இருக்குல்ல? பிரெஞ்சுக்காரர் சொன்னெரா 1782ல வெளியிட்ட பயணப் புத்தகத்தை வெச்சுத்தான் ஸ்கோப்போலிங்கற இயற்கையறிஞர் 1786ல இதுக்கு அறிவியல் பேரு வெச்சார். பழைய வெள்ளைக்காரப் புத்தகத்துல இதுக்கு செஞ்சி வானம்பாடின்னே பேரு இருந்தது. எனக்கு அந்தப் பேரு தான் புடிச்சிருக்கு, சாம்பல் தலைங்கறது அழுக்குத் தலை மாதிரி ஒலிக்குது.


மன்னார்க்காத்து – ஜூன் 16, காலை 7.10

வணக்கம். மன்னாரில இருந்து எழுதுறன். இந்தக் குருவி எங்கட பக்கமும் இருக்கு, இலங்கையில மழை குறைஞ்ச பக்கம் தான் இதைக் காணலாம், கொழும்புப் பக்கம் நிண்டு தேடினால் கிடையாது. இஞ்ச தீவுக்குள்ள கழுதையள் கூட்டமா மேயுற வெளியள்ள கனக்கக் கண்டிருக்கிறன். கழுதை நடந்து போகேக்க பக்கத்தில தான் மேயும், பயம் எண்டதே இல்லை, ஆனா மனுசர் கிட்டப் போனா உடன பதுங்கியிடும்.

ஒருக்கா பங்குனி வெயிலில ஒரு கூட்டைத் தூர இருந்து தொலைநோக்கியால பாத்துக் கொண்டு நிண்டனான். மத்தியானம் தாய்க்குருவி கூட்டில இருக்கேல்ல, கூட்டுக்கு மேல எழும்பி நிண்டு செட்டையைக் கொஞ்சம் விரிச்சு, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக் கொண்டு நிண்டது. குஞ்சுகளுக்கு நிழல் பிடிக்குது. ஆதலால் தம்பி ஒண்டு சொல்லுறன், மத்தியானத்தில கிட்டப் போய் அதை எழுப்பி விடாதேங்கோ. பத்து நிமிசம் அது விலகி நிண்டால் முட்டையோ குஞ்சோ தப்பாது. காலமை இல்லாட்டிப் பின்னேரம் போய்ப் பாருங்கோ.


கொழுக்கட்டைப்புல் – ஜூன் 16, மதியம் 3.30

மன்னார் அண்ணா சொன்னதைப் படிச்சுட்டு நேத்து மதியம் நான் போய் எட்டிப் பாத்ததை நெனச்சு பக்குனு ஆயிருச்சு. இனி காலைல மட்டும் தான்.

இன்னிக்கு நடந்தது: மெஷின் வந்துருச்சுங்க. வாடகை பேசி அட்வான்ஸ் கொடுத்தாச்சு, திருப்பி அனுப்ப முடியாது. காலைல ஆறு மணிக்கே போய் நின்னேன், எங்க குழுலயே ரெண்டு பேரு கோவிச்சுக்கிட்டாங்க, "நீ பறவை பாக்கறேன்னு எங்க மானத்த வாங்கறே"ன்னு. முன்னாள்_மணியம் ஐயா சொன்னதை மனசுல வெச்சு ஆடு மேய்க்கற பாட்டி ஒருத்தரைக் கூட்டிட்டு வந்திருந்தேன். அவங்க பேசினது தான் வேலைக்காச்சு. "என்ற ஆட்டுக்கு நாளைக்கு எங்கடா போவேன், உங்கூட்டு மொட்டமாடியிலயா"ன்னு பெரியவரைப் பாத்துக் கேட்டாங்க, அவரு கப்சிப். கடைசியில மந்தைவெளி நடுவுல குழி வேண்டாம், ஓடைக்கரையிலயும் ரோட்டோரமும் மட்டும் போடலாம்னு முடிவு. மொத்தம் 140 குழி தான் விழுந்துச்சு. மீதி கன்னு எல்லாம் சமுதாயக் கூடத்துக்குப் பின்னாடி அடுக்கி வெச்சிருக்கு, யாருக்காச்சும் தோட்டத்துக்கு வேம்பு, புங்கன் வேணும்னா சொல்லுங்க, உண்மையாவே நிறைய இருக்கு.


லென்ஸ்மணி – ஜூன் 16, மாலை 6.05

பாட்டி மாஸ்!!! எனக்கு 20 வேம்பு வேணும் ஜி, வண்டி எடுத்துட்டு வரேன், கூட்டுப் பக்கம் வரமாட்டேன் சத்தியம்.


ஊர்சுத்தி82 – ஜூன் 16, இரவு 8.00

நல்ல வேலை தம்பி. ஒரு ஐடியா, கூட்டைச் சுத்தி கொடி நடறேன், முள்ளு வெக்கறேன்னு எதுவும் பண்ணாதீங்க. புதுசா ஒரு பொருள் நின்னா பறவைக்கும் சந்தேகம், பசங்களுக்கும் ஆர்வம். பக்கத்துல ஏற்கனவே இருக்கற ஒரு பெரிய கல்லை அடையாளமா வெச்சுக்கோங்க.

பொடிக்கல் ஏன் அடுக்குதுன்னு யாரும் பேசலையே? நான் பாத்த வரைக்கும் புல்லுத் தூறு இல்லாத, திறந்த பக்கத்துல தான் கல்லு அதிகமா இருக்கும். காத்துல மண்ணு சரிஞ்சு பள்ளத்துக்குள்ள விழாம தடுக்கத்தான்னு என் ஊகம்.


கொழுக்கட்டைப்புல் – ஜூன் 29, காலை 9.20

ரெண்டு பொரிஞ்சிருச்சுங்க! நேத்து காலைல மூணும் முட்டையா தான் இருந்துச்சு, இன்னிக்கு ரெண்டு குஞ்சு, ஒரு முட்டை. பொட்டல்வெளி அண்ணன் சொன்ன 14 நாள் கணக்கு அப்படியே வந்துச்சு. குஞ்சு மேல வைக்கோல் கலர்ல மயிரு, கண்ணு தெறக்கல, வாயை மட்டும் தெறக்குது. ஆணும் பொட்டையும் மாத்தி மாத்திப் பூச்சி கொண்டாருது. நேரா கூட்டுல வந்து எறங்காது, ஒரு இருவது அடி தள்ளி எறங்கி தரையோட தரையா வளைஞ்சு வளைஞ்சு நடந்து வருது. எத்தன சூதானம் பாருங்க.


மேச்சேரி_ஆட்டுக்காரன் – ஜூன் 29, காலை 10.10

சந்தோசம்ங்க. மூணாவது கூமுட்டையா இருக்கும், விடுங்க. இனிமே தான் நாய் பயம். குஞ்சுக்கு வாசம் இருக்கு.


கொழுக்கட்டைப்புல் – ஜூலை 7, காலை 8.15

கூடு காலிங்க. நேத்து காலைல ரெண்டும் இருந்துச்சு, இறக்கை முளைச்சிருந்தாலும் பறக்கற மாதிரி இல்ல. இன்னிக்கு ஒண்ணும் இல்ல, அந்தக் கூமுட்டை மட்டும் கெடக்கு. சுத்தி நாய்த்தடம் எதுவும் தெரியல, ஆனா ராத்திரி காத்து பேய்க்காத்து, தடம் இருந்தாலும் அழிஞ்சிருக்கும். மனசே சரியில்ல.


பொட்டல்வெளி – ஜூலை 7, காலை 8.50

அவசரப்படாதீங்க. வானம்பாடிக் குஞ்சுங்க பறக்கத் தெரியறதுக்கு முன்னாடியே கூட்டை விட்டு இறங்கி ஓடிடும், பத்து நாளுக்குள்ளயே. ஒரே பள்ளத்துல ரெண்டு பேரும் உக்காந்திருந்தா எதிரிக்கு ஒரே வாய்ல ரெண்டு, பிரிஞ்சு பதுங்கினா ஒண்ணாவது தப்பும். கூட்டுக்குள்ள ரத்தமோ இறகோ இருக்கா? புல்லு கலைஞ்சிருக்கா? இல்லைன்னா அப்பன் ஆத்தா எங்க பூச்சியோட இறங்குதுன்னு தூர உக்காந்து பாருங்க. தரையைப் பாத்து நடங்க.


கொழுக்கட்டைப்புல் – ஜூலை 7, மாலை 6.40

ரத்தம் இல்ல, புல்லும் கலையல. ரெண்டு மணி நேரம் ரோட்டோரம் உக்காந்திருந்தேன். ஆணு வாயில வெட்டுக்கிளியோட வந்துச்சு, கூட்டுல இருந்து ஒரு நாப்பது அடி தள்ளி எறங்குச்சு, நடந்துச்சு. எங்க போச்சு தெரியுங்களா, நான் ஜூன் 14 போட்ட சுண்ணாம்பு மார்க் ஒண்ணு இன்னும் அழியாம இருக்கு, அதுக்குப் பக்கத்துல ஒரு கல்லு நிழல்ல. கண்ணைக் கசக்கிப் பாத்தா கல்லோட கல்லா ஒண்ணு உக்காந்திருக்கு, வாயைத் தெறந்தப்ப தான் தெரிஞ்சுது. ஒண்ணைத்தான் பாத்தேன். ரெண்டாவது எங்கயோ.


நிழல்தேடி – ஜூலை 7, இரவு 7.30

ஒண்ணு போதும் தம்பி, நல்ல சேதி. எனக்கும் அம்பது புங்கன் அனுப்பி வையுங்க, எங்க ஏரிக்கரைக்கு. கரைக்கு மட்டும் தான் :)


கொழுக்கட்டைப்புல் – ஜூலை 21, மதியம் 12.30

சும்மா ஒரு தகவல். ஓடைக்கரைக் கன்னு 140ல 126 துளிர் விட்டிருக்கு. மந்தைவெளியில ஆணு இன்னிக்கு மறுபடி மேல ஏறி விழுந்துட்டு இருந்துச்சு, பதினோரு மணி வெயில்ல. பாட்டிகிட்ட காட்டினேன், "இதா, இது தினமும் இப்படித்தான் கிறுக்காட்ட விழும்"னு சொல்லிட்டு ஆட்டை ஓட்டிட்டுப் போயிட்டாங்க. இப்ப பசங்க அங்க கிரிக்கெட் பிட்ச் போடணும்ங்கறாங்க. பிட்ச் மட்டும்னா பரவால்லையா, இல்ல அதுக்கும் ஒரு பஞ்சாயத்து வெக்கணுமா?


கரிசல்பய – ஜூலை 21, மதியம் 1.05

எங்கூர் கிரவுண்டுல லாங் ஆன் பக்கம் ரெண்டு கூடு உண்டு தம்பி. அந்தப் பக்கம் சிக்ஸ் அடிச்சா அவுட்டுன்னு ரூல் போட்டிருக்கோம். பந்து தொலையுதுன்னு போட்ட ரூல் தான், ஆனா வேலை செய்யுது.